கமுதியில் சூரியன், குழாயடியில் காத்திருப்பு!

அருப்புக்கோட்டையில் இரண்டு பெண்கள் தெருமுனையில் சந்தித்தால் "சௌக்கியமா?" என்று ஆரம்பிப்பதில்லை. "மதினி, உங்க தெருவுல தண்ணி வந்துருச்சா?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

"எங்க மதினி! இன்னும் முறை வரலை. வால்வு திறக்கிற அண்ணன்கிட்ட கேட்டேன். கரண்டு இல்லையாம், மோட்டார் ஓடலையாம்" என்று பதில் வரும்.

இந்த இரண்டு வரிப் பேச்சில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. தண்ணீருக்கு ஒரு பைல், கரண்டுக்கு ஒரு பைல் என்று ஆபீஸ்களில் தனித்தனியாக இருக்கலாம். குழாயடியில் இரண்டும் ஒன்றுதான். கரண்டு இல்லாவிட்டால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாவிட்டால் குடம் காலி!

இதை விட வேடிக்கை ஒன்று உண்டு. எந்த வெயில் இந்தச் சீமையைக் காய வைக்கிறதோ, அதே வெயிலில் இருந்து பக்கத்திலேயே மலை மலையாகக் கரண்டு எடுக்கிறார்கள். அந்த வெயிலை இந்தக் குழாய்க்கு ஏன் திருப்பி விடக்கூடாது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வெளியூர்த் தண்ணீர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. திருச்சுழியை ஒட்டிக் குண்டாறு ஓடுகிறது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்கலாம். நேரில் போய்ப் பார்த்தால் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் கிடக்கும்.

மழை கொஞ்சம். அதிலும் பாதி ஐப்பசி, கார்த்திகையில் அடித்துக்கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்களில் கண்மாயில் சீமைக்கருவேலம், கிணற்றில் கல்!

அதனால்தான் வைகையில் இருந்தும் தாமிரபரணியில் இருந்தும் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. தாமிரபரணித் தண்ணீர் நெல்லைச் சீமையில் இருந்து வருகிறது. பஸ்ஸில் போய்வந்தாலே இடுப்பு ஒடியும் தூரம். அந்தத் தூரத்தைத் தண்ணீர் தானாகக் கடக்காது. தள்ள வேண்டும். தள்ளுவதற்கு மோட்டார் வேண்டும். மோட்டாருக்குக் கரண்டு வேண்டும். கரண்டுக்குப் பில் கட்ட வேண்டும்.

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை மூன்று நகராட்சிகளுக்கும் சேர்த்து இன்னொரு தாமிரபரணித் திட்டமும் 'அம்ருத்' நிதியில் எடுத்துக்கொள்ளப்பட்டது. நல்ல காரியம். குழாய் பெரிதானால் தண்ணீர் கூடும். கூடவே கரண்டு பில்லும் கூடும். இதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு கரண்டு?

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, சாதாரண மோட்டாருக்குச் சுமார் அரை யூனிட் கரண்டு பிடிக்கும். இது விஞ்ஞானக் கணக்கு. யார் ஆட்சி செய்தாலும் மாறாது.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அருப்புக்கோட்டை நகரில் ஏறக்குறைய 88 ஆயிரம் பேர். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் அளவு. பெருக்கிப் பார்த்தால் நாள் ஒன்றுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் லிட்டர்.

ஏற்றுகிற உயரம், நீளக் குழாயில் ஏற்படும் உராய்வு எல்லாம் சேர்த்து 200 மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட் வரை ஆகும். அதாவது நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் யூனிட்!

ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் இருந்து கொடுக்கிறார்கள். அப்படி 100 வீடுகளுக்கு இரண்டு மாதம் கொடுக்கும் கரண்டை, இந்த ஓர் ஊரின் தண்ணீர் மோட்டார் ஒரே நாளில் குடித்துவிடும் என்று அர்த்தம்.

இவ்வளவு செலவு செய்து கொண்டுவந்த தண்ணீர் ரோட்டில் குழாய் உடைந்து ஓடினால், ஓடுவது தண்ணீர் மட்டும் இல்லை. கரண்டும்தான் ஓடுகிறது. வரிப்பணமும்தான் ஓடுகிறது.

பக்கத்திலேயே ஒரு சூரியச் சுரங்கம்!

திருச்சுழியில் இருந்து கமுதி கூப்பிடு தூரம். 2016 செப்டம்பரில் கமுதி பக்கம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. அதானி கம்பெனி கட்டியது. செலவு சுமார் 4,550 கோடி ரூபாய். நிலம் சுமார் 2,500 ஏக்கர். தகடுகள் 25 லட்சம். திறந்த அன்றைக்கு உலகத்திலேயே ஒரே இடத்தில் இருக்கும் சூரிய மின் நிலையங்களில் இதுதான் பெரியது என்றார்கள்.

வேலை எட்டே மாதத்தில் முடிந்தது. தகட்டில் படியும் தூசியைத் துடைக்க ரோபோ எந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். கருவேலங்காடும் கரிமூட்டமுமாகக் கிடந்த சீமையில் இப்படி ஒரு அதிசயம்!

மானாவாரி நிலம் என்று கழித்துக் கட்டிய பூமிக்கு மதிப்பு வந்தது. பொட்டல் வெயிலும் ஒரு விளைச்சல்தான் என்று நிரூபணம் ஆயிற்று. இதில் சந்தேகமில்லை.

ஆனால் அங்கே விளையும் கரண்டு பெரிய கம்பிகளில் ஏறி மாநிலம் முழுவதற்கும் போகிறது. அதில் தப்பும் இல்லை. பைக்காராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் தண்ணீரில் இருந்து எடுத்த கரண்டு ஊர் ஊராகப் போனதால்தான் நம் ஊர்த் தறிகளும் மில்களும் ஓடின. கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு.

கேள்வி வேறு. 648 மெகாவாட் விளைகிற வெயிலில், தன் தண்ணீரைத் தானே ஏற்றிக்கொள்ள அருப்புக்கோட்டைக்கு எவ்வளவு வேண்டும்?

கணக்குப் பாருங்கள்

ஒரு கிலோவாட் சூரியத் தகடு சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும். நாளைக்குப் பதினோராயிரம் யூனிட் வேண்டும் என்றால் ஏறக்குறைய 2,700 கிலோவாட் தகடு போதும். அதாவது 2.7 மெகாவாட்.

கமுதியில் இருப்பதில் 240-ல் ஒரு பங்கு! நிலமும் பத்துப் பதினோரு ஏக்கர் போதும்.

இந்தச் சீமையில் பத்து ஏக்கர் பொட்டலுக்கா பஞ்சம்? நீரேற்று நிலையங்களைச் சுற்றி இடம் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டிகளின் அடியிலும் இருக்கிறது. அரசாங்கக் கட்டடங்களின் மொட்டை மாடிகள் சும்மா காய்ந்துகொண்டிருக்கின்றன.

இது உத்தேசக் கணக்குதான். என்ஜினீயர்கள் உட்கார்ந்து போட்டால் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் ஆகாத காரியம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

தொட்டிதான் பேட்டரி

சூரிய மின்சாரம் என்றால் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். "பகலில் சரி, ராத்திரி என்ன செய்வது?"

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களின் திறன் 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் சூரியன் சாய்கிற நேரத்தில்தான் வீட்டில் விளக்கு, விசிறி, டி.வி., ஏ.சி. எல்லாம் ஓட ஆரம்பிக்கின்றன. 2024 மே 2-ந் தேதி மாநிலத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் வரும் கரண்டைச் சேர்த்து வைக்கப் பேட்டரி வேண்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டும்.

ஆனால் தண்ணீருக்கு அந்தத் தொல்லை இல்லை. காலை 9 மணியில் இருந்து சாயந்திரம் 4 மணி வரை வெயிலில் மோட்டார் ஓடட்டும். மேல்நிலைத் தொட்டி நிரம்பட்டும். அப்புறம் எந்த நேரத்தில் வால்வைத் திறந்தாலும் தண்ணீர் தானாக இறங்கி வரும். கரண்டு போனாலும் குழாய் நிற்காது. தொட்டிதான் பேட்டரி! அந்தப் பேட்டரியை நம் ஊரில் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மாலை 6 மணிக்கு மேல் தண்ணீர் மோட்டார்கள் ஓய்ந்தால், அந்தக் கரண்டு தறிக்குப் போகும். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் நின்றால் மளிகைக் கடையில் கடன் நோட்டு தடிக்கும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்று இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் ஆயிரம் யூனிட் ஆக்கினார்கள். யூனிட் கூடினால் மட்டும் போதாது. தறி ஓட வேண்டிய நேரத்தில் கரண்டு வோல்டேஜ் குறையாமல் வரவும் வேண்டும்.

ஓர் ஊராட்சி செய்து காட்டியது

"முனிசிபாலிட்டியாவது, கரண்டு எடுப்பதாவது? அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வேலை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓடந்துறைக்கு ஒரு நடை போய் வரலாம்.

கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கிறது ஓடந்துறை. மாநகராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை. வெறும் ஊராட்சி. அங்கே பவானித் தண்ணீரை ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்ததும் கரண்டு பில் கழுத்தை நெரித்தது.

என்ன செய்தார்கள் தெரியுமா? ஊராட்சியே சொந்தமாகக் காற்றாலை வாங்கியது! 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை. விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சியின் கையிருப்பு 40 லட்சம், பாங்கிக் கடன் 1 கோடியே 15 லட்சம். காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் அதை நிறுத்தினார்கள். தெரு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போக மிச்சக் கரண்டை மின்வாரியத்துக்கே விற்றார்கள்.

ஒரு கிராமத்து ஊராட்சி இருபது வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்தது. அப்போது சூரியத் தகடு விலை யானை விலை. 2014-ல் தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விலை யூனிட் 7 ரூபாய் 1 பைசா. மூன்றே வருஷத்தில், 2017 மே மாதம், ராஜஸ்தானில் நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 44 பைசாவுக்கு இறங்கியது. ஓடந்துறைக்கு இல்லாத வசதி இப்போது எல்லா ஊருக்கும் இருக்கிறது.

கொச்சி விமான நிலையம் 2015-ல் தன் தேவை முழுவதையும் சூரியக் கரண்டில் பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. குஜராத்தில் மொதேரா என்ற ஊரை 24 மணி நேரமும் சூரியக் கரண்டில் இயங்கும் கிராமம் என்று 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். அவர்களுக்கு இருப்பதும் இதே சூரியன்தான். நமக்கு வெயில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே!

திருட்டு மோட்டார்

தண்ணீர் வருகிற நேரத்தில் தெருவில் ஒரு ரகசிய வேலை நடக்கும். சில வீடுகளில் குடிநீர்க் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். மேட்டு வீட்டுக்காரர் இரண்டு 'சின்டெக்ஸ்' தொட்டியை நிரப்பிக்கொள்வார். கடைசி வீட்டு ஆத்தாவுக்குக் குழாயில் காற்றுத்தான் வரும்.

அதிகாரிகள் வருவார்கள். மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அடுத்த மாதம் புது மோட்டார் வந்துவிடும்! இது பல ஊர்களில் வழக்கமாக நடக்கும் கூத்து.

இதற்கு வழி இருக்கிறது. தொட்டியில் இருந்து தெருவுக்குப் பிரியும் ஒவ்வொரு குழாயிலும் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் வைக்கலாம். எவ்வளவு தண்ணீர் போயிற்று, எந்தத் தெருவில் அழுத்தம் திடீரென்று விழுந்தது என்று ஆபரேட்டரின் செல்போனுக்கே தகவல் வரும். குழாய் உடைந்தாலும் தெரியும், யாராவது உறிஞ்சினாலும் தெரியும். நகரங்களில் இப்படி வைத்திருக்கிறார்கள். ராக்கெட் விடுகிற வேலை இல்லை இது!

நூறு குடம் ஏற்றினால் வீட்டுக்கு எத்தனை குடம் போய்ச் சேர்ந்தது என்று கணக்கு வேண்டாமா? மளிகைக் கடைக்காரர் ஒரு மூட்டைப் பருப்பு வாங்கினால் சாயந்திரம் எவ்வளவு விற்றது, எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார். கோடிக்கணக்கில் செலவு செய்யும் திட்டத்துக்கு அந்தக் கணக்கு இல்லை என்றால் எப்படி?

மீட்டர் மாறலாம், பில் எகிறக் கூடாது

வீட்டுக் கரண்டு மீட்டரையும் 'ஸ்மார்ட்' மீட்டராக மாற்றப் போகிறார்கள். மாநிலத்தில் 3 கோடிக்கும் மேல் இணைப்புகள். கணக்கெடுக்க ஆள் வரவேண்டாம். கம்பியில் எங்கே கரண்டு கசிகிறது, எங்கே கொக்கி போட்டுத் திருடுகிறார்கள் என்பதும் தெரியும். வரட்டும், நல்லது.

ஆனால் மாதச் சம்பளக் குமாஸ்தாவின் பயத்தையும் கேட்க வேண்டும். "இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடுகிறது. புது மீட்டர் வந்தால் இன்னும் என்ன ஆகுமோ?" என்கிறார் அவர். புது மீட்டர் எப்படி ஓடும், தப்பாக ஓடினால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் சரி செய்வார்கள் என்பதைத் தமிழில் ஒரு நோட்டீஸ் அடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டு மீட்டரை மாட்டட்டும். எந்திரம் புத்திசாலியாக இருந்தால் மட்டும் போதாது. ஜனங்களுக்கும் புரிய வேண்டும்.

கம்பத்தில் ஏறுகிறவன்

புது எந்திரம், புது மீட்டர் என்று பேசும்போது மறந்துபோகும் ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் கம்பத்தில் ஏறுகிற லயன்மேன். அவருக்குக் கீழே தினக்கூலிக்கு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி.

மழை ராத்திரியில் பீஸ் போனால் போன் போட்டுத் திட்டுகிறோம். ரப்பர் கையுறை இருக்கிறதா, இடுப்பு பெல்ட் இருக்கிறதா, லயனை நிறுத்திவிட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்துதான் ஏறுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. கம்பத்தில் கரண்டு அடித்துச் செத்தால் பத்திரிகையில் நாலு வரி. மறுநாள் அந்தக் கம்பத்தில் இன்னொரு ஆள்!

எந்த லயனில் கரண்டு ஓடுகிறது என்பதை ஆபீசில் இருந்தே பார்க்கும் வசதி வந்துவிட்டது. அதை முதலில் ஆள் உயிரைக் காப்பாற்றப் பயன்படுத்த வேண்டும். பில் வசூல் அப்புறம்.

சூரியத் தகடு வைத்தால் அதற்கும் ஆள் வேண்டும். தூசி படிந்தால் கரண்டு குறையும். இந்தச் சீமையில் சித்திரை, வைகாசிக் காற்றில் தூசிக்குக் குறைவே இல்லை. ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துவிட்டுப் போனால் இரண்டே வருஷத்தில் தகடு, ஆடு கட்டுகிற நிழலாகிவிடும். உள்ளூர் ஐ.டி.ஐ. படித்த பையன்கள் வேலை தேடி திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த வேலையில் போட்டால் தகடும் பிழைக்கும், பையன்களும் பிழைப்பார்கள்.

கண்மாயை மறந்தால் மோட்டார் எதற்கு?

எந்திரத்தை மட்டும் நம்பினால் போதுமா? போதாது.

மழைத் தண்ணீரைக் கண்மாயில் நிறுத்தத் தெரிந்த சீமை இது. ஒரு கண்மாய் நிரம்பினால் அடுத்த கண்மாய்க்கு மறுகால் பாயும். ஒரு பைசா கரண்டு செலவு இல்லை! இன்று பல வரத்துக்கால்களைக் கருவேலமும் ஆக்கிரமிப்பும் அடைத்துக் கிடக்கின்றன.

கண்மாயில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறு ஊறும். 50 அடியில் தண்ணீர் கிடைத்தால் அதை எடுக்கச் சின்ன மோட்டார் போதும். 500 அடிக்குப் போனால் பத்து மடங்கு வேலை, பத்து மடங்கு கரண்டு. ஆக, கண்மாயைத் தூர்வாருவதும் மின்சாரச் சிக்கனம்தான்!

சிறு விவசாயிகளுக்கு 1984-ல் இலவச மின்சாரம் வந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. மானாவாரிச் சம்சாரிக்கு அது உயிர்த்தண்ணீர். அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் பூமிக்குள் தண்ணீர் இல்லாவிட்டால் இலவசக் கரண்டை வைத்து எதை இறைப்பது? வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு என்று 2003-ல் சட்டம் போட்டார்கள். அன்றைக்கு வைத்த குழாய்களில் இன்று எத்தனை உருப்படியாக இருக்கின்றன என்று ஒரு தெருவில் இறங்கி எண்ணிப் பார்த்தால் தெரியும்.

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய். மதிப்பு 14,400 கோடி ரூபாய். காவிரி வெள்ளம் குண்டாற்றுக்கு வந்தால் இந்தச் சீமையின் தலையெழுத்தே மாறும். வரட்டும், வாழ்த்துவோம். ஆனால் அது வந்து சேரும்போது கண்மாய் இருக்க வேண்டாமா? வருகிற விருந்தாளிக்கு உட்காரத் திண்ணை வேண்டாமா?

பஞ்சத்தின் அளவு

2018-ல் தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தில் தண்ணீர் தீர்ந்துபோகும் நிலை வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று உத்தரவு போட்டார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஐயோ என்று எழுதின.

நம் கிராமங்களுக்கு 2019-ல் அறிவித்த 'ஜல் ஜீவன்' திட்டத்தின் லட்சியம் ஆளுக்கு 55 லிட்டர். அவர்களுக்குப் பஞ்ச காலத்து அளவு எதுவோ, ஏறக்குறைய அதுவே நமக்கு நல்ல காலத்து அளவு! அந்த 55 லிட்டரும் குழாயில் ஒழுங்காக வந்தாலே திருச்சுழிப் பக்கத்துப் பெண்கள் கோயிலுக்குப் பொங்கல் வைப்பார்கள்.

தண்ணீர் வரும் நாளில் வேலைக்குப் போகாமல் வீட்டில் காத்திருப்பது யார்? பெண்கள்தான். ஒரு நாள் கூலி போச்சு. ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் விட்டால் எழுந்து பிடிப்பதும் அவர்கள்தான். மறுநாள் பரீட்சை இருந்தாலும் குடத்தோடு நிற்பது வீட்டுப் பெண் பிள்ளை. லாரித் தண்ணீருக்கும், கேன் தண்ணீருக்கும் ஆகிற காசு தனி. இந்த நஷ்டத்தை எந்த பட்ஜெட்டிலும் எழுதுவதில்லை.

பகலில் தொட்டி நிரம்பினால், இத்தனை மணிக்கு இந்தத் தெரு என்று நேரம் குறித்துத் தண்ணீர் விடலாம். நேரம் தெரிந்தால் அந்தப் பெண் வேலைக்குப் போவாள். பிள்ளை படிக்கப் போகும். இந்த ஒரு லாபத்துக்காகவே இதைச் செய்யலாம்!

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழி வட்டாரத்துக்கும் தண்ணீர் ஏற்றும் நிலையங்களுக்கு மாதம் எவ்வளவு கரண்டு ஆகிறது, எவ்வளவு பில் என்பதை நகராட்சியும் குடிநீர் வாரியமும் போர்டில் எழுதி வைக்கட்டும். நோயின் அளவு தெரிந்தால்தான் மருந்து.

இரண்டு: அந்தக் கரண்டை எடுக்கும் அளவுக்கு உள்ளூரிலேயே சூரியத் தகடு போடத் திட்டம் தயாரிக்கட்டும். மழை நாளுக்கு வாரியக் கரண்டு, வெயில் நாளுக்குச் சொந்தக் கரண்டு. 2024-ல் மின்வாரியத்தைப் பிரித்துப் பசுமை மின்சாரத்துக்கென்றே தனிக் கழகம் வைத்திருக்கிறார்கள். முதல் வேலையாகத் தண்ணீர் மோட்டார்களைக் கவனிக்கட்டும்.

மூன்று: குழாய்களில் மீட்டர். எவ்வளவு ஏற்றியது, எவ்வளவு வந்தது என்று வாரம் ஒரு முறை கணக்கு. திருட்டு மோட்டார் யார் வீட்டில் இருந்தாலும், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், பறிமுதல்!

நான்கு: வரத்துக்காலும் கண்மாயும் மழைக்கு முன்னால் சுத்தம். மழை பெய்த பிறகு டெண்டர் விட்டு யாருக்கு லாபம்?

ஐந்து: கம்பத்தில் ஏறுகிறவருக்கும் தகடு துடைக்கிறவருக்கும் பாதுகாப்புச் சாமான், நிரந்தரச் சம்பளம்.

காமராஜரின் ஆட்சியில் கிராமங்களுக்குக் கரண்டுக் கம்பி ஓடியது. அவர் பிறந்தது பக்கத்து விருதுநகர். 1977-ல் அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். திருச்சுழி 1879-ல் ரமண மகரிஷியைப் பெற்றுக் கொடுத்த ஊர். பெயருக்கும் பெருமைக்கும் இந்தச் சீமையில் குறைச்சல் இல்லை. குறைச்சல் எல்லாம் குழாயில்தான்!

நாளைக் காலையும் சூரியன் உதிக்கும். கமுதியில் 25 லட்சம் தகடுகளும் கரண்டு விளைவிக்கும். அதே வெயிலில் அருப்புக்கோட்டைத் தெருவில் காலிக் குடங்கள் வரிசையில் கிடக்கும்.

அந்த வெயிலில் 240-ல் ஒரு பங்கைத்தான் இந்த ஊர் கேட்கிறது. கவனிக்க வேண்டியவர்கள் கவனிப்பார்களா?